சுண்ணாம்பில் போன தேதிகள்

பிரஷர் மாத்திரை வாங்கப் போன இடத்தில் வாயை மூடிக்கொண்டு வந்திருக்கலாம். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஆரம்ப சுகாதார நிலையத்து பெஞ்சில், கொசு ஒழிப்பு வேலை பார்க்கும் கவிதா என்ற பெண் போனைத் தட்டிக்கொண்டிருந்தாள். நானும் மலேரியா காலத்தில் இந்த வேலைதான் பார்த்தேன் என்று ஆரம்பித்தேன். அவள் போனைக் காட்டினாள். ஒரு வீட்டு முன்னால் நின்று படம் எடுத்தால் போதுமாம், நேரமும் இடமும் தானாக மேலே போய்விடுமாம்.

"சுவர்ல ஒண்ணும் எழுதறதில்லையாம்மா?"

"சுவர்லயா? அடிக்க வந்துடுவாங்க சார். வாசலுக்குன்னே தனியா பெயிண்ட் வாங்கி, அவங்களே அடிச்சு பளபளன்னு வச்சிருக்காங்க. அதுல போய் கை வைக்க முடியுமா?"

"அப்ப நீ வந்துட்டுப் போனதுக்கு அந்த வீட்டுக்காரங்ககிட்ட என்ன இருக்கும்?"

"அவங்களுக்கு எதுக்கு சார் அது?"

எதுக்கா என்று சத்தம் போட்டுவிட்டேன். மருந்து கொடுக்கிற ஜன்னலிலிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். கவிதா பாவம், அவள் என்ன செய்வாள். "என்ன சார், நான் தப்பா எதுவும் சொல்லிட்டனா?" என்றாள். அங்கே நின்றபடி சொல்லி முடிக்கிற கதை இல்லை அது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு, மாத்திரையைக்கூட வாங்காமல் வந்துவிட்டேன். அன்று சொல்ல முடியாததைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் கடற்கரைக்காரன். அப்பா, அண்ணன் எல்லோருக்கும் கடல்தான் பிழைப்பு. எனக்கு மட்டும் படகில் ஏறினால் குடலைப் புரட்டும். மீன்பிடிக்கிற வீட்டில் பிறந்தவனுக்கு இதைவிட மானக்கேடு வேண்டியதில்லை. அந்தக் காலத்துப் பதினோராம் வகுப்பு தேறியதும் மலேரியா ஒழிப்பு வேலைக்கு மனுப் போட்டேன், கிடைத்தது. தஞ்சாவூரில் சில வாரம் உட்கார வைத்து, கொசுவின் காலையும் இறக்கையையும் படம் போட்டுக் காட்டினார்கள். பிறகு ஒரு தோல் பையும், நடுவில் கட்டம் வெட்டிய ஒரு தகரத் தகடும் கொடுத்து, குத்தாலம் பக்கத்துக் கிராமங்களுக்கு அனுப்பிவிட்டார்கள். சைக்கிள் என்னுடையது.

பதினைந்து நாளைக்கு ஒரு முறை ஒவ்வொரு வீட்டு வாசலிலும் போய் நிற்க வேண்டும். யாருக்காவது காய்ச்சல் உண்டா, வெளியூரிலிருந்து வந்து தங்கியவர்கள் உண்டா, அவர்களுக்கு உண்டா என்று கேட்க வேண்டும். உண்டு என்றால் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடித் துண்டில் தடவிக்கொண்டு, கசப்பு மாத்திரையைக் கொடுத்து, அதை முழுங்குகிற வரை நகரக் கூடாது. கடைசியாகச் சுவர். தகரத்தை வாசல் சுவரில் பொருத்திக் காவி தடவினால் ஒரு சதுரம் விழும். அதற்குள் மேலே வீட்டின் எண். கீழே, நான் வந்த தேதியும் என் சுருக்கொப்பமும். ஒரு சதுரம் நிறைந்தால் பக்கத்திலேயே இன்னொன்று போடுவோம்.

எங்கள் இன்ஸ்பெக்டர் பெயர் ஆரோக்கியசாமி. ஒல்லியான, உயரமான மனிதர். எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டைதான். அவர் யாரையும் அதட்டி நான் பார்த்ததில்லை, அதட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும். முதல் நாள் என்னை ஒரு வீட்டு முன்னால் நிறுத்தி, எங்கே எழுதுவாய் என்று கேட்டார். நான் கதவைக் காட்டினேன்.

"கதவக் கழட்டிக்கிட்டுப் போயிடுவாங்க. வேற எடம் சொல்லு."

நிலையைக் காட்டினேன்.

"வெள்ளிக்கெழம மஞ்சப் பூசுவாங்க. வேற."

சுவரைக் காட்டினேன். சுவரில் எந்தப் பக்கம் என்றார். விழித்தேன். பிறகு அவரே, வாசலுக்கு இடது பக்கம், கூரைத் தண்ணீர் தெறிக்காத உயரம், மாடு உரசாத இடம் என்று விரலால் தொட்டுக் காட்டினார். காவியை வெறும் தண்ணீரில் கரைக்காதே, வடிகஞ்சியில் கரை என்றார்.

மாதம் ஒரு முறை அவர் எனக்குப் பின்னாலேயே கிராமம் கிராமமாக வருவார். சட்டைப் பையில் ஒரு வெள்ளைக் கைக்குட்டை இருக்கும். அதன் நுனியை நனைத்து என் தேதிகள் மேல் மெதுவாக ஒற்றுவார். பழைய எழுத்தில் புகையும் தூசியும் ஏறிக் கெட்டிப்பட்டிருக்கும், துணியில் ஒட்டாது. நேற்று எழுதியது என்றால் துணி சிவந்துவிடும். வேலைக்குச் சேர்ந்த முதல் மழைக்காலத்தில் சேற்றுக்குப் பயந்து ஒரு தெருவுக்குப் போகாமல் விட்டேன். அடுத்த முறை போனபோது விட்டுப்போன தேதியையும் சேர்த்துப் போட்டுவிட்டேன். அவர் ஒற்றினார், துணி சிவந்தது. கைக்குட்டையை மடித்து என் கையில் கொடுத்து, "தொவைச்சுக் கொண்டா" என்றார். எத்தனை சவுக்காரம் போட்டும் அந்தக் கறை முழுதாகப் போகவில்லை. அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தேன், வாங்கிப் பையில் வைத்துக்கொண்டார். எனக்கு அதோடு புத்தி வந்திருக்க வேண்டும்.

என் சுற்றில் கீழப்படுகை என்று ஒரு கிராமம். அது ஆட்சி மாறியிருந்த காலம். கோட்டையில் புது ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், வயலில் பழைய ஆட்களேதான் குனிந்துகொண்டிருந்தார்கள். அறுப்புக் கூலிக்கு ஒவ்வொரு போகத்திலும் தகராறு. ஒரு பக்கம் வரப்பில் கொடி நடுவார்கள், இன்னொரு பக்கம் மிராசுதார்கள் வெளியூர் ஆட்களை லாரியில் கொண்டுவந்து இறக்குவார்கள், நடுவில் போலீஸ் வண்டி நிற்கும். நான் இரண்டு பக்கத்து வாசலிலும் காய்ச்சல் உண்டா என்று கேட்டுத் தேதி போட்டுக்கொண்டு போவேன்.

அந்த ஊரில் ஒரே பெரிய பண்ணை. அதன் களத்து மேட்டில், ஆட்கள் குடியிருக்கும் தெருவிலிருந்து தள்ளி, தனியாக ஒரு வீடு. களத்தைக் காவல் காக்கிற கோவிந்தன் வீடு. மண் சுவர், கீற்றுக் கூரை, பனம்பலகைக் கதவு. அவர் மனைவி அஞ்சலை. முதல் முறை போனபோது எனக்கு நல்ல தாகம், தண்ணீர் கேட்டேன். அவர் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

"எங்க வீட்டுத் தண்ணி குடிப்பீங்களா சார்?"

"எங்களையும் ஊருக்கு வெளியிலதான் வச்சிருக்காங்க. குடுங்கக்கா."

அன்றிலிருந்து அவருக்கு நான் தம்பி. சுற்றுக்குப் போகும்போதெல்லாம் அங்கே சைக்கிளைச் சாத்திவிட்டு ஐந்து நிமிஷம் உட்காராமல் வந்ததில்லை. கோவிந்தன் அண்ணன் பேசமாட்டார். கேட்டதற்குத் தலையை ஆட்டுவார், அவ்வளவுதான். அப்படிப்பட்ட மனிதர் ஒரு அறுப்பின்போது கூலித் தகராறில் கொடியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டார். மறுநாளே பண்ணையின் காரியக்காரர் வந்து, களத்து மேட்டைக் காலி பண்ணு என்று சொல்லிவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே சொந்தம் என்று சட்டம் வந்தது. அரசு ஒரு தேதி சொல்லியிருந்தது. அந்தத் தேதியில் அந்த இடத்தில் குடியிருந்திருக்க வேண்டும், அதுதான் விதி. விவசாயத் தொழிலாளர் சங்கத்து வக்கீல் எழுதிக் கொடுத்த மனுவில் கோவிந்தன் அண்ணன் கைநாட்டு வைத்தார். பண்ணை ஒரே வார்த்தையில் பதில் சொன்னது. அது வீடே இல்லை, மாட்டுக்கொட்டகை, தகராறுக்கு அப்புறம்தான் கதவு வைத்துக் குடியேறியிருக்கிறான் என்று. சாட்சி சொல்லப் பக்கத்து வீடு கிடையாது. தெருவில் இருந்தவர்களுக்கோ பண்ணையில்தான் சோறு. நேரில் வந்து பார்த்து முடிவு சொல்கிறேன் என்று தாசில்தார் ஒரு செவ்வாய்க்கிழமை குறித்தார்.

அதற்கு முந்தைய சனிக்கிழமை நான் போனபோது அஞ்சலையக்கா வாசலுக்கு எதிரே இடுப்பில் கை வைத்து நின்றுகொண்டிருந்தார். மழையடித்துக் கரைந்த சுவர், அடுப்புப் புகை ஏறிய நிலை, வெயிலில் வெடித்த கதவு. எனக்கு அது பதினைந்து நாளைக்கு ஒரு முறை பார்த்த வாசல், ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை.

"மனை எழுதிக் குடுக்க வர்ற ஆபீசரு இந்தக் கரிவாசல்லயா தம்பி நிப்பாரு?"

"சாணி மெழுகிக் கோலம் போடுங்கக்கா, போதும்."

"வெள்ளையடிக்கணும்னு ஆசையா இருக்கு."

கவிதாவுக்கு இது புரியாது, சொல்லிவிடுகிறேன். அந்தப் பண்ணையில் வேலையாட்கள் வீட்டுச் சுவரில் சுண்ணாம்பு ஏறக் கூடாது. எங்கேயும் எழுதி வைக்கவில்லை, ஆனால் எல்லோருக்கும் தெரியும். யாராவது அடித்துவிட்டால் காரியக்காரர் வாசலில் வந்து நின்று, என்னடா மனை உன் பேருக்கு ஆயிடுச்சா என்று கேட்பாராம். அதனால் அஞ்சலையக்காவுக்கு வெள்ளை என்றால் அழகு மட்டும் இல்லை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அடிக்கக் கூடாது என்று இருந்ததை, செவ்வாய்க்கிழமைக்குள் அடித்துவிட வேண்டும் என்று நினைத்தார். எனக்கு எதிலும் அவசரம். அதுக்கென்னக்கா, நாமே அடிச்சுடுவோம் என்றேன்.

காசு கொடுத்து ஆள் வைத்துச் செய்கிற வேலை இல்லை அது. அன்று மதியமே ஆரம்பித்துவிட்டோம். அஞ்சலையக்கா தேங்காய் நாரால் சுவரைத் தேய்த்துக் கரியை உதிர்த்தார். வெடிப்புகளில் வாய்க்கால் களிமண்ணை உமியோடு பிசைந்து அடைத்தார். நான் உடைந்த கண்ணாடிச் சில்லால் கதவைச் சுரண்டினேன். உப்புத்தாளுக்குப் பதில் பிராய் மரத்து இலையைப் பறித்துவந்து தேய்த்தால் பலகை வழுவழுவென்று வரும், அது கோவிந்தன் அண்ணன் சொல்லிக் கொடுத்தது. நான் கதவைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போது அஞ்சலையக்கா பின்னாலிருந்து கேட்டார்.

"தம்பி, இந்தக் காவி வெள்ளைக்கு மேல கசிஞ்சு தெரியும் போலருக்கே. சொரண்டிடட்டுமா?"

"சொரண்டுங்கக்கா. அடுத்த தடவ வர்றப்ப புதுசா போட்டுக்கறேன்."

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை நான். இத்தனை வருஷத்தில் அந்த ஒரு நிமிஷத்தை எத்தனை முறை திருப்பிப் பார்த்திருப்பேனோ தெரியாது. என் கை தேய்த்துக்கொண்டிருக்கிறது, பின்னால் நார் உரசுகிற சத்தம் கேட்கிறது. அவர் கேட்டார். கேட்காமல் செய்யவில்லை.

ஞாயிற்றுக்கிழமை என் ஊரிலிருந்து ஒரு பை கிளிஞ்சல் சுண்ணாம்பும், அண்ணனுடைய விசைப்படகுக்கு அடித்தது போக மிச்சமிருந்த அரை டப்பா நீலப் பெயிண்டும் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தேன். சுண்ணாம்பைப் பானையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினால் கொதித்து அடங்கும். ஆறியதும் பழைய வேட்டியில் வடிகட்டி, வடிகஞ்சி கொஞ்சம், சலவை நீலம் இரண்டு சொட்டு. சுண்ணாம்பு அடிக்கிற மட்டைக்குத் தாழை விழுதின் நுனியைக் கல்லில் வைத்து நசுக்கிக்கொண்டோம். முதல் பூச்சு குறுக்கில், அது காய்ந்ததும் இரண்டாவது நெடுக்கில். ஈரத்தில் சுண்ணாம்பு வெள்ளையாகத் தெரியாது, சேறு மாதிரிதான் இருக்கும். அதைப் பார்த்து அஞ்சலையக்காவுக்கு முகம் விழுந்துவிட்டது. பொறுங்கக்கா, காயட்டும் என்றேன். வெயில் ஏற ஏறச் சுவர் வெளுத்துக்கொண்டே வந்தது. அவர் மட்டையைக் கையில் வைத்தபடியே நின்று பார்த்தார். அடியில் ஒரு முழ உயரத்துக்குக் காவிப் பட்டை இழுத்தோம். படகுப் பெயிண்ட் கெட்டி, மண்ணெண்ணெய் விட்டு இளக்கி, குச்சியில் துணி சுற்றிக் கதவுக்கு அடித்தேன். வெளிப்பக்கத்துக்குத்தான் போதுமாக இருந்தது, உள்பக்கம் பலகையாகவே நின்றுவிட்டது.

கோவிந்தன் அண்ணன் களத்தின் நடுவில் போய் நின்று வாசலைப் பார்த்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

"நம்ம வீடு மாரியே இல்லையே" என்றார்.

திங்கட்கிழமை மதியம் அவர் குத்தாலத்திலிருந்து வேகவேகமாக வந்தார். அடுத்த நாள் விசாரணை என்பதால் வக்கீல் மனுவை அவருக்கு வாசித்துக் காட்டியிருக்கிறார். நான் களத்து மேட்டில்தான் இருந்தேன், ஞாயிற்றுக்கிழமை அடித்ததைப் பார்க்க வந்திருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், எனக்கு அதில் பெருமை.

"தம்பி, மனுவுல என்ன எழுதியிருக்காங்கன்னா" என்று ஆரம்பித்தவர் சுவரைப் பார்த்தார். மூச்சு வாங்கியது. "வாசல் சொவத்துல மலேரியாக்காரரு போட்ட தேதிதான் எங்களுக்குச் சாட்சின்னு எழுதியிருக்காம். அதப் பாக்கத்தான் தாசில்தாரு வர்றாராம்."

நான் போட்ட தேதிகளை நான் வேலைக்கு வந்ததற்குக் கணக்கு என்றுதான் நினைத்திருந்தேன். அந்த வீட்டில் ஆட்கள் இருந்ததற்கும் அதுதான் கணக்கு என்று ஒரு நாளும் தோன்றியதில்லை. அஞ்சலையக்கா முந்தானையை நனைத்துச் சதுரம் இருந்த இடத்தைத் தேய்த்தார். சுண்ணாம்பு வந்தது, அதற்கடியில் புதுக் களிமண் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை. தேய்க்கத் தேய்க்க வாசலில் வெள்ளைத் தண்ணீர் வழிந்தது. கோவிந்தன் அண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வந்த வழியே திரும்பி நடந்தார். மனசு விட்டுப்போய் எங்கேயோ போகிறார் என்று நினைத்தேன்.

என் பையில் என் டைரி இருந்தது. எந்த நாள் எந்த வீடு என்று எல்லாம் அதில் இருந்தது. அதை வெளியே எடுத்தேன். அஞ்சலையக்கா தேய்த்த இடத்தில் மறுபடி சுண்ணாம்பு தடவி, அடுப்பு நெருப்பைக் காட்டிக் காய வைத்தோம். நான் காவியைக் கஞ்சியில் கரைத்தேன்.

"இது தப்பில்லையா தம்பி?"

"நடந்த தேதியத்தானே எழுதறேன். உண்மைய எழுதறதுல என்னக்கா தப்பு?"

டைரியைப் பார்த்துப் பார்த்து இரண்டு சதுரம் நிறைய எழுதினேன். ஒரு தேதிகூடப் பொய் இல்லை. அதோடு விட்டேனா? வெள்ளைச் சுவரில் புதுக் காவி பளிச்சென்று தெரிந்தது. பழசாகத் தெரியட்டும் என்று அடுப்புச் சாம்பலைக் கையில் அள்ளி அதன்மேல் ஊதிவிட்டேன். பொழுது சாய்ந்தது, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

செவ்வாய்க்கிழமை பத்து மணிக்கு ஜீப் வந்தது. தாசில்தார் நடுவயதுக்காரர், சாந்தமான ஆள். வந்ததும் அஞ்சலையக்காவிடம், "உங்க வீடாம்மா, நல்லா வச்சிருக்கீங்க" என்றார். அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்தது. அப்புறம் தாசில்தார் சுவரை உற்றுப் பார்த்தார். காரியக்காரர் குடையை மடக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"சுண்ணாம்பு வாசன இன்னும் போகல, பாருங்க சார். நேத்து கட்டுன வீட்டுல பழைய தேதி எங்கேர்ந்து வரும்?"

சொல்லிக்கொண்டே துண்டின் நுனியை எச்சிலில் நனைத்து என் தேதிகள் மேல் இழுத்தார். துண்டு சிவந்தது. அதைத் தாசில்தார் முகத்துக்கு நேரே பிடித்துக் காட்டினார்.

"இத எழுதினது யாரு?" என்றார் தாசில்தார்.

"நான்தானுங்க."

"எப்ப?"

பொய் சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை. "நேத்துங்க. ஆனா தேதியெல்லாம் நெசம் சார். பழசு வெள்ளையடிச்சதுல போயிடுச்சு. அதத்தான் திரும்ப எழுதினேன்."

அப்போது வரப்பில் ஒரு சைக்கிள் வந்தது. ஆரோக்கியசாமி சார். பின்னால் கேரியரில் எண்ணெய்த் துணியில் சுற்றிய ஒரு பெரிய நோட்டு. அவருக்குப் பின்னால் கோவிந்தன் அண்ணன் ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தார். அவர் முந்தின நாள் எங்கே போனார் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நேராக எங்கள் ஆபீசுக்குப் போய், சுவரு அழிஞ்சிருச்சுங்க ஐயா, உங்ககிட்ட ஏதாச்சும் இருக்குமா என்று கேட்டிருக்கிறார். சார் பெட்டியைத் திறந்து பழைய நோட்டுகளில் தேடி, அந்த வீட்டின் பக்கத்தைக் கண்டுபிடித்து, நாளைக்கு நானே கொண்டுவந்து காட்டுகிறேன் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

அந்த நோட்டில் எல்லாம் இருந்தது. வீட்டு எண், கோவிந்தன், அஞ்சலை, பிள்ளைகள் இரண்டு பேர், ஒவ்வொரு முறையும் நான் போன தேதி. அரசு சொன்ன தேதிக்கு முன்னாலும் பின்னாலும். மாதா மாதம் ஓரத்தில் சார் கையெழுத்து. தாசில்தார் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

"இந்தத் தேதியெல்லாம் யாரு எழுதினது?"

"இவருதான் சார். நான் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருக்கேன்."

"சொவத்துல எழுதின அதே கைதானே நோட்டுலயும்" என்றார் காரியக்காரர். "பெரியவரும் அதே ஆபீசுதானுங்களே."

தாசில்தார் நோட்டை மூடினார். "இது மட்டும் என் முன்னால வந்திருந்தா இப்பவே முடிச்சுக் குடுத்துட்டுப் போயிருப்பேன்" என்றார். "சொவர் வெறுமனே இருந்திருந்தாக்கூட. இப்ப நான் எத நம்பறது, சொல்லுங்க."

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். ஆரோக்கியசாமி சார் சுவருக்குப் பக்கத்தில் போனார். பழக்கத்தில் கை சட்டைப் பைக்குப் போய்க் கைக்குட்டையை எடுத்தது. ஒற்றவில்லை. சாம்பல் அப்பிய என் எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அப்படியே மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அவருடைய கையெழுத்தை யாராவது சந்தேகப்பட்டது அவர் சர்வீஸில் அதுதான் முதல் தடவை. அதுவும் என்னால்.

திரும்பும்போது இரண்டு பேரும் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். வாய்க்கால் மதகு வந்ததும் அவர் நின்றார்.

"அந்தம்மா அழிச்சதுல தப்பில்ல" என்றார். "நீ பெயிண்ட் குடுத்ததுலயும் தப்பில்ல. ஒரு நாள் பொறுத்திருக்கலாமேய்யா. ஒரே ஒரு நாள்."

நான் மதகின் மேல் உட்கார்ந்து அழுதேன். அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆபீஸ் வந்ததும் எனக்கு ஒரு மெமோ எழுதிக் கையெழுத்து வாங்கினார், பிறகு டீ வாங்கிக் கொடுத்தார்.

சில வாரங்களில் உத்தரவு வந்தது. கொண்டுவந்த ஆதாரம் திருத்தி எழுதப்பட்டது, மனு தள்ளுபடி. மேலே போகலாம் என்று வக்கீல் சொன்னார், மேலே போனாலும் அதே சுவரைத்தான் கேட்பார்கள் என்றும் சொன்னார். பண்ணை ஆட்களே வந்து கூரையைப் பிரித்தார்கள். சுவரைத் தள்ளியபோது சுண்ணாம்புப் பக்கம் மேலே பார்க்க விழுந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள். கோவிந்தன் அண்ணன் கதவைக் கழற்றித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். ஆரோக்கியசாமி சார் முதல் நாள் சொன்னது சரிதான்.

அவர்கள் ஊருக்கு வெளியே வாய்க்கால் கரையில் ஒரு குடிசை போட்டார்கள். புறம்போக்கு இடம். பதினைந்து நாள் கழித்து நான் அங்கே போயாக வேண்டும், அது என் சுற்று. வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று சாரிடம் கெஞ்சினேன். "நீதான் போகணும்" என்றார். போனேன். மண் சுவர் இன்னும் ஈரம் காயவில்லை. நீலக் கதவை மாட்டியிருந்தார்கள், நீலப் பக்கம் உள்ளே இருக்கும்படி. அஞ்சலையக்கா வெளியே வந்தார்.

"வாங்க சார்" என்றார்.

அவர் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். காய்ச்சல் உண்டா என்று கேட்டேன், இல்லை என்றார். சுவரில் தகரத்தை வைத்துக் காவி தடவினேன்.

"அழுத்தி எழுதுங்க சார்" என்றார்.

அதற்கப்புறம் பல வருஷம் அந்தச் சுற்றிலேயே இருந்தேன். கரையில் அவர்கள் வாசலுக்குச் சுண்ணாம்பு ஏறவே இல்லை. இத்தனைக்கும் அங்கே தடுக்க யாரும் கிடையாது. பொங்கலுக்குப் பொங்கல் அஞ்சலையக்கா சுவரைக் களிமண்ணும் சாணியும் குழைத்து மெழுகுவார். என் சதுரத்தை மட்டும் தொடமாட்டார், சுற்றி விரலால் வழித்து விட்டுவிடுவார். வருஷா வருஷம் சுற்றிலும் மண் ஏறி ஏறி, தேதிகள் இருந்த இடம் சுவரில் ஒரு பள்ளமாகிவிட்டது. கடைசியில் நான் எழுத வேண்டுமென்றால் மணிக்கட்டை வளைத்து உள்ளே விட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. கோவிந்தன் அண்ணன் அந்தக் கரையிலேயே செத்துப்போனார். புறம்போக்குக்குப் பட்டா கேட்டுக் கொடுத்த மனு எதுவும் அவர் இருக்கும்வரை நகரவில்லை.

எனக்கு மாறுதல் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், இனிமேல் சுவரில் எழுத வேண்டாம், எங்கள் அட்டையில் குறித்துக்கொண்டால் போதும் என்று சொல்லிவிட்டார்கள். வீடுகளில் ஆட்சேபிக்கிறார்களாம். நான் அஞ்சலையக்காவிடம் போய் அதைச் சொன்னேன். அவர் பள்ளத்துக்குள் கையை வைத்துத் தடவிக்கொண்டே கேட்டார்.

"அப்ப நாங்க இங்க இருக்கோம்னு இனிமே யாருக்கு சார் தெரியும்?"

கவிதா, எதுக்கு என்று கேட்டாயே, இதுக்குத்தான்.

ஆபீஸில் சொன்னதை மீறி அன்று காவியைக் கரைத்தேன். பள்ளத்துக்குள் கையை விட்டு அன்றைய தேதியைப் போட்டு, அழுத்திச் சுருக்கொப்பம் வைத்தேன். அது காயும்வரை இரண்டு பேரும் அங்கேயே நின்றோம். அவர் உள்ளே போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார். இந்த முறையாவது தம்பி என்று ஒரு வார்த்தை வந்துவிடாதா என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"குடிச்சுட்டுப் போங்க, சார்" என்றார்.